மிளகின் எடை

2025 மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கிவிட்டது. திருச்சி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? காலை பத்து மணிக்கே ஹாலில் 33 டிகிரி. நாங்கள் வளர்க்கும் கினி பிக்குகளுக்கு, அதாவது வாலில்லாத அந்தச் சின்னக் கொறிக்கும் பிராணிகளுக்கு, 18 முதல் 24 டிகிரி வரைதான் இதமாக இருக்கும். 30-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கடுகு, மிளகு என்று நாங்கள் பெயர் வைத்த இரண்டு பேரையும் கூண்டோடு ஏசி அறைக்கு மாற்றிவிட்டேன்.

ஞாயிறுதோறும் இரண்டு பேரையும் எடை பார்ப்பது வழக்கம். சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் கொஞ்சம் புல், அதன்மேல் ஆள். கடுகு 872 கிராம். மிளகு 785. போன வாரம் மிளகு 831 இருந்தாள். தராசை அணைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே 785. வெயிலுக்குத் தீனி இறங்கியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இதையும் எழுதி வைக்கிறேன். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்ததும் 'வீக் வீக்' என்று கத்தியது ஒரு குரல்தான். மற்ற நாட்களில் இரண்டும் போட்டி போட்டுக் கத்தும்.

மே 6, செவ்வாய்

ஏசி அறையில் 25 டிகிரிதான். இரண்டு நாளாகியும் மிளகு தெளியவில்லை. முடி சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் வெயில் காரணமில்லை.

புல்லைப் போட்டால் நின்ற இடத்திலேயே துள்ளுகிறவள், இன்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தாள். தூக்கியதும் வீல் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இதுவரை அவளிடம் கேட்டதில்லை.

"கீழே போட்டியா?" என்று மகளைக் கேட்டேன். "இல்லம்மா, நான் தூக்கவே இல்ல" என்றாள். நான் நம்பவில்லை. குரலை உயர்த்திவிட்டேன். அவள் அழுதுகொண்டே போய்ப் பாட்டி மடியில் படுத்துக்கொண்டாள்.

மே 7, புதன்

கூண்டைச் சுத்தம் செய்யும்போது பார்த்தேன். மிளகின் பக்கம் புழுக்கை குறைந்திருக்கிறது, இருப்பதும் சிறுத்து வறண்டிருக்கிறது. கொத்தமல்லித் தழையை நீட்டினால் வாயில் வாங்குகிறாள், இரண்டு முறை மெல்லுகிறாள், கீழே விட்டுவிடுகிறாள். பசி இருக்கிறது, தின்னத்தான் முடியவில்லை.

தீனி வாங்கும் கடையில் கேட்டேன். "காய்ச்சலா இருக்கும், குழந்தைக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் சிரப் ரெண்டு சொட்டு விடுங்க, நாய்க்கெல்லாம் அதுதான் கொடுக்கறோம்" என்றார்கள். மகளுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய பாட்டில் வீட்டில் இருந்தது. கையில் எடுத்தும்விட்டேன். "இத்துனூண்டு உசுருக்கு டாக்டரைக் கேக்காம மருந்தா?" என்று அம்மா தடுத்தார். நல்லவேளை.

ராத்திரி எடை 718. மூன்று நாளில் 67 கிராம். முயல், கிளி எல்லாம் பார்க்கும் டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்துப் பிடித்தேன். ஃபோனில் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "காலைல முதல் ஆளா வந்துடுங்க. அதுவரைக்கும் பெல்லட் தீனியை வெந்நீர்ல ஊறவெச்சுக் கரைச்சு, ஆறினதும் சிரிஞ்ச்ல கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. வயிறு மட்டும் காயக் கூடாது" என்றார்.

மே 8, வியாழன்

மிளகோடு கடுகையும் அதே கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். தோழி பக்கத்தில் இருந்தால் பயம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேஜையில் துண்டை விரித்து மிளகை உட்கார வைத்தார். தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் ஒழுக்கு இல்லை, மூச்சில் இரைச்சல் இல்லை. முன்பற்கள் சரியாக இருந்தன. காது பார்க்கும் விளக்கை வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பற்களையும் பார்த்தார். இவற்றுக்கு இருபது பல், எல்லாம் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், கடைவாய்ப் பல் நீண்டு நாக்கை அழுத்தினாலும் இப்படித்தான் தீனியை விடுமாம். மிளகுக்கு அது இல்லை. ஆனால் ஈறு ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. பஞ்சால் ஒற்றிக் காட்டினார். ரத்தம். பின்னங்கால் மூட்டு இரண்டும் வீங்கியிருந்தன. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை.

"என்ன பெல்லட் கொடுக்கறீங்க?" என்றார்.

பிப்ரவரியில் கினி பிக் பெல்லட் கிடைக்கவில்லை. கடையில் முயல் பெல்லட்டைக் கொடுத்து, இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டிய பெல்லட். அதைத்தான் மூன்று மாதமாகக் கொடுத்து வருகிறேன்.

"முயல் தன் உடம்புலயே விட்டமின் சி செஞ்சுக்கும்மா. இதுக்கு அது முடியாது. மனுஷங்க மாதிரிதான், தினமும் தீனியில வந்தாகணும்" என்றார் டாக்டர். நோய்க்குப் பெயர் ஸ்கர்வி. விட்டமின் சி இல்லாவிட்டால் ரத்தக் குழாயின் சுவர் தளர்ந்துபோகும். மூட்டுக்குள்ளும் ஈறிலும் ரத்தம் கசியும். நடந்தால் வலி, மென்றால் வலி.

அப்படியானால் கடுகு எப்படித் தப்பித்தாள்? அதற்கும் பதில் என் தட்டில்தான் இருந்தது. வெயில் ஏறியதிலிருந்து வெள்ளரிக்காயை அதிகமாக்கியிருந்தேன். அதில் தண்ணீர்தான், விட்டமின் சி பேருக்குத்தான் இருக்கிறது. கூட வைக்கும் கொத்தமல்லியையும் குடைமிளகாயையும் கடுகு பிடுங்கிக்கொள்வாள். மிளகு சாது, வெள்ளரியோடு ஒதுங்கிவிடுவாள். ஒரே தட்டில் வைத்தால் இரண்டு பேருக்கும் போகும் என்று இருந்துவிட்டேன்.

விட்டமின் சி ஊசி போட்டார். வலிக்கு மருந்து. வீட்டில் இரண்டு வாரம் தினமும் 50 மில்லிகிராம், சொட்டு மருந்தாக நேராக வாயில். தண்ணீர்க் குப்பியில் கலக்கக் கூடாது, வெளிச்சத்தில் சத்து போய்விடும், ருசி மாறினால் தண்ணீரும் குடிக்காது. அமாக்சிசிலின் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. பென்சிலின் வகை மருந்து இவற்றின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், அந்த இடத்தில் விஷம் சுரக்கும் கிருமி பெருகும், சில நாளில் உயிரே போய்விடும் என்றார். பாட்டிலை எடுத்த கை எனக்கு இன்னும் நடுங்குகிறது.

மே 9, வெள்ளி, அதிகாலை 2.30

ஊறிய பெல்லட் கூழ், ஒரு மில்லி சிரிஞ்ச், மடியில் துண்டு. மல்லாத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நான்கு காலும் ஊன்றியபடி மடியில் உட்கார வைக்க வேண்டும். முன்பல்லுக்குப் பின்னால் பல் இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. சிரிஞ்சைப் பக்கவாட்டில் அங்கே நுழைத்து அரை மில்லி விட்டால் போதும். தாடை அசைந்து, தொண்டை இறங்கி, அப்புறம்தான் அடுத்த அரை மில்லி. ஒரு வேளைக்குப் பத்து மில்லி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. ஒரு வேளைக்கே அரை மணி நேரம் ஆகிறது.

தூக்கம் வராமல் படித்ததில் ஒன்று. 1907-ல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃபிரோலிக் என்ற இருவர், மாலுமிகளுக்கு வந்த நோயை ஆராய கினி பிக்குகளுக்கு வெறும் தானியம் கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. விட்டமின் சி-யைக் கண்டுபிடிக்கும் வழி அங்கிருந்துதான் திறந்திருக்கிறது. மடியில் இருந்தவளின் காதைத் தடவிக்கொண்டே படித்தேன். மனது கனத்துப் போயிற்று.

மே 10, சனி

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ போடலை, தப்பு என்னோடது. உன்னைத் திட்டினதும் தப்பு" என்றேன். "மிளகுக்கு வலிச்சிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து மணி வேளைக்குச் சிரிஞ்சை அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள்.

காலையிலிருந்து 31 புழுக்கை. நேற்று 12. எடை 702.

மே 13, செவ்வாய்

719. மதியம் கூண்டுக்குள் கரக் கரக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் மிளகு அருகம்புல்லைத் தானே இழுத்து மென்றுகொண்டிருந்தாள். அறைக்குள் போனால் நிறுத்திவிடுவாளோ என்று கதவருகிலேயே நின்றேன். அம்மாவும் வந்து நின்றுகொண்டார்.

மே 18, ஞாயிறு

752. சிரிஞ்ச் தீனி ஒரு வேளையாகக் குறைந்துவிட்டது. கினி பிக் பெல்லட் வரவழைத்தேன், தயாரித்த தேதி பார்த்துச் சின்ன பாக்கெட்டாக. பழசானால் அதில் சேர்த்த விட்டமின் சி-யும் போய்விடும். இப்போது இரண்டு தட்டு, கூண்டின் இரண்டு மூலையில். இரண்டிலும் குடைமிளகாய், கொத்தமல்லி. சில நாள் கொய்யா ஒரு சிறு துண்டு. முருங்கைக் கீரையிலும் சத்து உண்டே என்று டாக்டரைக் கேட்டேன். சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் வரலாம், எப்போதாவது ஓரிரு இலை போதும் என்றார்.

மே 25, ஞாயிறு

801. ஈறில் சிவப்பு இல்லை. இடது பின்னங்கால் மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. சொட்டு மருந்தை மேலும் இரண்டு வாரம் தொடரச் சொல்லியிருக்கிறார்.

எடையை இப்போது மகள்தான் மாதக் காலண்டரில் எழுதுகிறாள், கடுகுக்குப் பச்சை, மிளகுக்குச் சிவப்பு. அவள் இன்று 801 என்று எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையில் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே இரண்டு பேரும் கத்தினார்கள்.