மூலைக்குப் போகும் கை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கடைசி வாரம் வரை இழுத்தடித்துவிட்டு, 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 11-க்கு மாறினேன். திங்கட்கிழமை காலை வேலையில் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்குள் 4 முறை வானிலை பார்த்துவிட்டேன். நான் கேட்கவே இல்லை. ஸ்டார்ட் மெனுவைத் திறக்க எண்ணும்போதெல்லாம் என் கை மவுஸை இடது கீழ் மூலைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. புதிய அமைப்பில் அந்த மூலையில் இருப்பது வானிலை. கர்சர் மேலே பட்டாலே போதும், வெயில், செய்தி என்று ஒரு பெரிய பலகை இடது பக்கமாக விரிந்துவிடுகிறது.

"ஏம்மா மூலைக்கே போற? நடுவுலதானே இருக்கு" என்றாள் மகள்.

நடுவில் இருப்பது எனக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத்தான் தெரியவில்லை.

பிழைதிருத்துவது என் வேலை. வேர்டு கோப்பு, பிடிஎஃப், அகராதி, மின்னஞ்சல் என்று எப்போதும் ஏழெட்டு ஜன்னல்கள் திறந்திருக்கும். கண் வரிகளை விட்டு நகரக்கூடாது. அதனால் மற்ற எல்லாவற்றையும் கையிடம் ஒப்படைத்துவிட்டேன். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்ததிலிருந்து ஸ்டார்ட் பட்டன் அந்த மூலையில்தான். கை அதைப் பார்த்துப் போவதில்லை, சும்மா போகும்.

மூலைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கைக் கை எட்டும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். திரையின் மூலையைத் தாண்டி மவுஸ் போக முடியாது. எவ்வளவு வேகமாக வீசினாலும் அங்கேயே போய் முட்டி நிற்கும். தப்பவே வழியில்லாத இலக்கு. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 95-இல் ஸ்டார்ட் பட்டனுக்கும் திரை விளிம்புக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தது. சரியாக மூலையில் போய்க் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது, ஒரு துளி உள்ளே வர வேண்டும். பின்னால் வந்த பதிப்புகளில்தான் அதைச் சரிசெய்தார்கள்.

சரி, இடம் மாறிவிட்டது, நடுவுக்குப் பழகிக்கொள்ளலாம் என்று ஒரு வாரம் முயன்றேன். பழகவில்லை. வயதாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஒரு நாள், காலையில் ஒரே ஒரு கோப்பு மட்டும் திறந்திருந்தபோது ஸ்டார்ட் பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, திரையின் கீழ்ச் சட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். மதியம் எல்லாம் திறந்திருந்தபோது பார்த்தால், பட்டன் கோட்டுக்கு இடது பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது! மொத்த வரிசையையும் நடுவில் நிறுத்துவதால், டாஸ்க்பாரில், அதாவது திரையின் அடியில் ஓடும் பட்டையில், ஓர் ஐகான் கூடினால் எல்லாம் அரை ஐகான் இடது பக்கம் நகர்கிறது. மூடினால் திரும்பி வருகிறது. ஆக, என் கை ஒரு வாரமாகக் கற்றுக்கொள்ளப் பார்த்தது, நிலையாக நிற்காத ஓர் இடத்தை. கண்ணால் பார்த்துக் கிளிக் செய்பவர்களுக்கு இதில் எந்தத் தொந்தரவும் இல்லை. என் மகளுக்கு இது நகர்கிறது என்பதே நான் சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பென்சில் கோட்டுக்குப் பிறகுதான் விண்டோஸ் 8 நினைவுக்கு வந்தது. 2012-இல் ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள் என்று ஊரே சத்தம் போட்டது. மறு வருடம் 8.1-இல் பட்டன் திரும்பியது. எனக்கு மட்டும் அந்த ஒரு வருடம் அவ்வளவு கஷ்டமாக இல்லாதது ஏன் என்று இப்போது புரிகிறது. பட்டன்தான் போனதே தவிர, மூலை போகவில்லை. வெறும் மூலையில் கிளிக் செய்தால் ஸ்டார்ட் திரை வந்துவிடும். படத்தை எடுத்துவிட்டு இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். இப்போது படம் இருக்கிறது, இடம் நகர்ந்துவிட்டது. என் கைக்கு முன்னதுதான் சுலபம்.

மற்றவை பெரிய விஷயமில்லை. ஜன்னல்களின் முனை உருண்டையாகிவிட்டது, இரண்டாம் நாளே மறந்துவிட்டேன். ரைட் கிளிக் மெனுதான் கொஞ்சம் படுத்தியது. கட், காப்பி, பேஸ்ட் எல்லாம் ஆளுக்கொரு வரியாக இல்லாமல், கர்சருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் படங்களாக நிற்கின்றன. பழைய மெனு என்ன லட்சணத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவுகிற மென்பொருள் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்து, என் கணினியில் அது முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அதைச் சுருக்கியது நல்லதுதான். பழையதே வேண்டுமென்றால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் அப்படியே வந்து நிற்கும். முதல் பத்து நாள் ஷிஃப்ட் இல்லாமல் நான் ரைட் கிளிக்கே செய்யவில்லை. பெயர் மாற்ற எஃப்2 இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தபின் அதுவும் குறைந்தது. விசைகள்தான் எந்தப் பதிப்பிலும் காலை வாரவில்லை.

மவுஸ் வேகத்தைக் குறைக்கப் போனபோது ஒன்று நடந்தது. செட்டிங்ஸில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கீழே 'கூடுதல் மவுஸ் அமைப்புகள்' என்று ஒரு வரி. அதைத் தட்டினால், 20 வருடத்துக்கு முன்பு பார்த்த அதே சாம்பல் நிறப் பெட்டி, அதே தாவல்கள்! புது வீட்டின் பரணில் பழைய டிரங்குப் பெட்டியைப் பார்த்தது போல இருந்தது. வேலை முடிந்தும் ஒரு நிமிடம் மூடாமல் வைத்திருந்தேன்.

பதினாறாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டேன். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், அதில் நடத்தை என்ற பகுதி, அங்கே சீரமைப்பை இடது என்று மாற்றினால் போதும். அரை நிமிட வேலை. மகள் முதல் நாளே சொன்னதுதான். வீம்புக்குக் கேட்காமல் இருந்தேன். பட்டன் மூலைக்கு வந்துவிட்டது. பென்சில் கோட்டை அழித்துவிட்டேன்.

ஒரே ஒரு குறை. அந்தப் பதினாறு நாளில் வானிலை பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேற்று மாலை, துணி காயப்போட்டிருக்கிறோமே, மழை வருமா என்று பார்க்க மூலைக்குப் போனேன். ஸ்டார்ட் மெனு திறந்தது.