சித்தப்பாவைச் சிறைவைத்த கதவு

கல்யாணத்துக்கு வந்த மனிதருக்கு ஜன்னல் கம்பி வழியாகத் தோசையைச் சுருட்டிக் கொடுத்த குடும்பம் நாகர்கோவில் வட்டாரத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாதம். சித்தப்பா திருநெல்வேலியிலிருந்து முந்தின ராத்திரியே வந்துவிட்டார். காலையில் குளித்து முடித்து, பட்டு வேட்டி மாற்ற மேற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினது சாத்தினதுதான். அது தாத்தா காலத்து அயனிமரக் கதவு, ஒற்றைப் பலகை, ஆள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கணும். சென்னைக்காரர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையோடு மழைக்கணக்கு முடிந்துவிடும். எங்களுக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், கதவுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை வயிறு உப்பும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் அந்தக் கதவை யாரும் முழுசாகச் சாத்த மாட்டோம். சித்தப்பாவிடம் சொல்லத்தான் மறந்துவிட்டது.

"எலே, கதவத் தெறங்கலே" என்று உள்ளேயிருந்து குரல். அவர் இழுக்க, நாங்கள் தள்ள, கடைசியில் கைப்பிடி மட்டும் தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. அம்மா பதறாமல் ஜன்னல் பக்கம் போய் முதலில் காப்பி, அப்புறம் தோசை கொடுத்தாள். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. ஒன்பதே காலுக்குப் பக்கத்து வீட்டு கபடிப் பையன் வந்து தோளால் ஒரு இடி இடித்ததும் கதவு திறந்தது, சித்தப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கையில் கைப்பிடியோடு இருந்தார். தாலிகட்டு தவறிவிட்டது. அடைப்பிரதமன் பாயசம் தவறவில்லை என்பதால் அன்றைக்குக் குடும்பத்தில் பெரிய சண்டை எதுவும் வரவில்லை.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு இழைப்புளி வாங்கினேன். இரண்டு வீடியோ பார்த்தேன், போதும் என்று தோன்றியது. கதவு நிலையில் உரசும் இடத்தையெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, மழை வெளியே கொட்டிக்கொண்டிருக்க, சீவு சீவென்று சீவினேன். சுருள் சுருளாக மரம் உதிர்வதைப் பார்க்க ஒரு போதை இருக்கிறது, ஆரம்பித்தால் கை நிற்காது. ராத்திரி கதவை ஒரு விரலால் தள்ளிக் காட்டினேன், வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. மனைவி மட்டும் "ஆசாரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

தை வந்தது. மாசி வந்தது. வெயில் ஏற ஏறக் கதவு இளைத்துக்கொண்டே போனது. பங்குனி பிறப்பதற்குள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகும் அளவுக்குச் சந்து, தாழ்ப்பாள் எட்டவே எட்டாது. பல்லி நடமாட்டத்துக்குக் கதவைத் திறக்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ராத்திரி இரண்டு மணிக்கு மின்விசிறிக் காற்றுக்குக் கதவு தானாக "க்ர்ர்ர்" என்று திறக்கும். அம்மா எழுந்து உட்கார்ந்து "ஒங்க ஆத்தா வந்திருக்கா" என்பாள். ஆத்தா உயிரோடு இருந்தபோதே அந்த அறைப்பக்கம் வந்தவளில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அந்த நேரம் பார்த்து மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு சித்தப்பா மறுபடி வந்தார். அதே அறை. தாழ் விழாது என்று தெரிந்ததும், சந்தோஷப்பட்டாரோ பயந்தாரோ தெரியாது, கதவு ராத்திரி ஆடாமலிருக்க உள்பக்கமாக ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தார். காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். இங்கேதான் என் இரண்டாவது குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். அது தாத்தாவின் ஈட்டிமர நாற்காலி. விருந்தாளி வருகிறாரே, பளபளவென்று இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். தலைக்கு நல்லது மரத்துக்கும் நல்லதாகத்தானே இருக்கும்? அவர் எழுந்தபோது வெள்ளை வேட்டியின் பின்பக்கம் நாற்காலியின் மொத்தப் படமும் பதிந்திருந்தது, பிரம்புப் பின்னல் உட்பட. கோயில் கிளம்பும் நேரம். என்னை ஒன்றும் திட்டவில்லை, நாற்காலியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஊருக்குப் போனதும் ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் கதவைச் சுற்றி வந்தார், சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எந்த மாசத்துல சீவுன?"

"ஆனி."

"நல்ல மழைல வீங்கி நிக்கும்போது சீவுனா வெயில்ல இளிக்கத்தானே செய்யும் தம்பி. வீங்குனது சும்மா தண்ணி. நீ மரத்தையில்லா எடுத்துட்ட."

மரம் நீளவாட்டில் கூடுவது கண்ணுக்கே தெரியாது, அகலவாட்டில்தான் கூடும், குறையும் என்றார். அதனால்தான் கதவு மேலே இடிக்காமல் பக்கத்தில் இடிக்கிறது. அப்புறம் ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, கதவின் தலைவிளிம்பைக் கையால் தடவிவிட்டு, "இங்க எப்பவாச்சும் பெயின்ட் அடிச்சியா?" என்றார். நாங்கள் முன்பக்கமும் பின்பக்கமும் வருடம் தவறாமல் அடித்திருக்கிறோம். தலையிலும் காலிலும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். மரம் அதிகமாக ஈரம் குடிப்பது அந்த வெட்டுமுனையில்தானாம், ரேழியைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்துபோட்ட கதை.

தேங்காய் எண்ணெய் விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அது காயவே காயாது, பிசுபிசுவென்று நின்று தூசியை வாங்கும், ஆளிவிதை எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும் என்றார். ஆனால் அந்த எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதே, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடு என்று இரண்டு தடவை சொன்னார். என்னைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரிதான் என்பது ஐப்பசியில் தெரிந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், அடைமழையில், நாற்காலிக்கு நானே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் போட்டேன். ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது எனக்கு என்ன தெரியும். காலையில் பார்த்தால் ஈட்டிமரம் விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "பூத்துப் போச்சு, வெயில் வரட்டும், லேசா ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சா போயிரும், அதுவரை தொடாத" என்றார் ஆசாரி போனில். அந்தத் "தொடாத"வில் ஒரு கெஞ்சல் இருந்தது.

டிசம்பர் லீவில் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனோம். 64 வகை மூலிகை மரத்தில் செய்ததென்று சொல்லும் ராஜாவின் கட்டிலை எல்லோரும் பார்க்க, நான் ஒவ்வொரு கதவின் சந்திலும் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் இரண்டு முறை என் பின்னால் வந்து நின்றார். அங்கே ஜன்னல் முழுக்கச் சாய்வாக அடித்த மரச்சட்டம், மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும். மனைவி அதைக் காட்டி, "நம்ம மேற்கு ரூம்ல ஜன்னலையும் அடைச்சிட்டு மழைக்காலம் பூரா ஈரத்துணி காயப்போடுறோமே, அந்த ஈரமெல்லாம் எங்க போகுதுன்னு நெனைக்கீங்க?" என்றாள். நான் ராஜாவின் கட்டிலைப் பார்க்கப் போய்விட்டேன்.

கதவின் விளிம்பில் பட்டை அடித்துத் தருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். ஆனால் உடனே மாட்டாராம், ஒரு வருடம் மாதாமாதம் சந்து எவ்வளவு என்று குறித்துவைத்தால்தான் கை வைப்பாராம். என்னிடம் அளவுகோல் இல்லாமலில்லை, ஆனாலும் கதவு ஆடாமலிருக்கத் தினசரி காலண்டர் தாளை மடித்துச் செருகுவதால் அதையே கணக்காக வைத்துக்கொண்டேன். மாசியில் பதினாலு மடிப்பு. சித்திரையில் பன்னிரண்டு. வைகாசி கடைசி மழைக்கு ஐந்து. இப்போது ஆனி, ஒரு தாள்கூடப் போகவில்லை, ஈரத்துணிக்கொடி திண்ணைக்குப் போய்விட்டது.

நேற்று சித்தப்பா போன் செய்தார். அடுத்த மாதம் வருகிறாராம். "திண்ணையில ஒரு பாய் போதும்லே" என்றார். அங்கே துணி காய்கிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை.