கதவடியில் நின்றவர்

'மனவெழுச்சி முகாமைத்துவம்' என்று டிமை பேப்பரில் பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒருவரைக் குத்திப் பேசியவன் நான்.

மட்டக்களப்பு நகரில், கோபம் போன்ற உணர்வுகளைக் கையாளப் பழக்கும் மூன்று நாள் பயிற்சி, டிசம்பர் விடுமுறையில். நடத்தியது நான். வந்தவர்கள் 26 பேர். பாதிப் பேர் பாடசாலை ஆசிரியர்கள், மற்றவர்கள் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டிங், தையல், மோட்டார் மெக்கானிக் படிப்பிக்கிற போதனாசிரியர்கள். முதல் நாள் எட்டரைக்குத் தொடங்கிவிட்டோம். ஒன்பதே காலுக்கு ஒருவர் கதவடியில் வந்து நின்றார், காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்து, சப்பாத்து இரண்டையும் ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டு. "வாங்க வாங்க, நேர முகாமைத்துவம் பின்னேரம்தான், அதுக்கு வெள்ளனவே வந்திட்டீங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்குச் செயலமர்வு என்றாலே ஒரு சலிப்பு உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு உளசமூகப் பயிற்சி என்று எத்தனை பேர் வந்து பந்து எறிந்து பெயர் சொல்லச் சொல்லியிருப்பார்கள்! அதனால் நான் பந்து கொண்டுபோவதில்லை. நேரே விஷயத்துக்கு வந்துவிடுவேன். அமெரிக்காவில் 1994 இல் தொடங்கிய கேசல் என்ற அமைப்பு இந்தத் திறன்களை ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறது: தன்னை அறிதல், தன்னை ஆளுதல், மற்றவரை உணர்தல், உறவுத் திறன், பொறுப்பாகத் தீர்மானம் எடுத்தல். இதை எழுதிப் போட்டால் எல்லோரும் கொப்பியில் அழகாக எழுதிக்கொள்வார்கள். அங்கேயே முடிந்துவிடும்.

அவர்களுக்கு உண்மையில் இருக்கிற கேள்வி வேறு. 2005 இலேயே கல்வி அமைச்சு உடல்ரீதியான தண்டனை கூடாது என்று சுற்றறிக்கை விட்டுவிட்டது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். "சரி சேர், பிரம்ப வெச்சிட்டம், இப்ப வாயாலதான் அடிக்கிறம்" என்று ஒரு டீச்சர் சொன்னார். அதுதான் அந்த அறையில் முதலில் விழுந்த உண்மையான பேச்சு.

இந்த வேலையை ஏன் ஆசிரியர்களை வைத்தே செய்ய வேண்டும் என்பதற்கு நான் ஓர் ஆய்வைச் சொல்வதுண்டு. 2011 இல் ஜோசப் டர்லாக்கும் குழுவினரும் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு இந்தத் திறன்களைப் பழக்கும் 213 திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், அவற்றில் மொத்தம் இரண்டு லட்சத்து 70 ஆயிரம் மாணவர்கள். இந்தப் பயிற்சி கிடைத்த பிள்ளைகள் படிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். 100 பேரில் 50ஆவதாக நிற்கும் ஒரு பிள்ளை 39ஆவது இடத்துக்கு வருகிற அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் படிப்பில் அந்த முன்னேற்றம் தெரிந்தது பாடசாலை ஆட்களே நடத்திய இடங்களில்தான், வெளியாட்கள் வந்து நடத்திய இடங்களில் இல்லை. நான் வெளியாள். நான் போன பிறகு வகுப்பில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்.

இரண்டாம் நாள் ஒரு துண்டு வேலை கொடுத்தேன். இந்தக் கிழமை உங்களுக்கு வந்த ஓர் உணர்வை எழுதுங்கள், பெயர் வேண்டாம், 'கோபம்', 'களைப்பு' என்ற இரண்டு சொல்லும் கூடாது. முதலில் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். 'மனவெழுச்சி' என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் வராது, அது பாடப்புத்தகச் சொல். பிறகு 'வயிறு எரிஞ்சது', 'நெஞ்சு பதறினது', 'மனசு விட்டுப்போச்சு' என்று வரத் தொடங்கியது. எங்கள் ஆட்கள் உணர்வை உடம்பில் வைத்துத்தான் சொல்கிறார்கள், நான்தான் அதை மொழிபெயர்ப்புக் கையேட்டில் தேடியிருக்கிறேன். உற்சாகத்தில் ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டு போனேன். பதினாலாவதோ பதினைந்தாவதோ துண்டு: 'நேத்துக் காலையில கதவடியில நிண்டு கூசிப் போனன்.'

வாசித்து முடித்த பிறகுதான் விளங்கியது.

தேநீர் இடைவேளையில் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, அது சுகமான வழி. ஆனால் ஏசியது சபையில். சபையிலேயே சொன்னேன், நேற்று நான் சொன்னது பிழை, நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று. மண்டூருக்கு அங்கால் ஒரு ஊர் அவருக்கு. றோட்டில் வெள்ளம், சைக்கிளை உருட்டிக்கொண்டு துறைக்கு வந்து, பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) குருமண்வெளிக்குக் கடந்து, களுவாஞ்சிக்குடியில் பஸ் பிடித்திருக்கிறார். "பரவாயில்ல சேர், அண்டைக்குப் பாதையும் பிந்தித்தான் வெளிக்கிட்ட" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் மூன்றாம் நாள் காலையில் அவர்தான் கையை உயர்த்தினார். அவர் வெல்டிங் போதனாசிரியர். கண்ணாடி போடாமல் ஒரு பொடியன் கிரைண்டரைத் தூக்கினால் கத்தத்தான் வேண்டும், மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை என்றார். அது சரி, நானும் ஒத்துக்கொண்டேன். பிறகு கேட்டார்: "ஏசாம இருக்கிறதச் சொல்லித் தந்தீங்க சேர். ஏசிட்டா பிறகு என்ன செய்யிற?"

என் கையேட்டில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. கோபம் வருவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் முழுக்க. அன்றைக்கு மிச்சமிருந்த நிகழ்ச்சி நிரலை மடித்து வைத்துவிட்டு, இரண்டு இரண்டு பேராக இருந்து, ஏசிய பிள்ளையிடம் மறுநாள் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்தோம். 22 வருஷம் படிப்பித்த ஒரு டீச்சருக்கு 'மகன்' என்பதற்கு மேல் வாய் வரவில்லை. சிரித்தார், பிறகு தண்ணீர் குடித்தார், பிளேன்டீக்குப் பிறகு சொல்றனே சேர் என்றார்.

பிளேன்டீ முடிந்து வந்து, எதிரில் இருந்த தையல் போதனாசிரியரைத் தரம் 8 பொடியனாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "மகன், நேத்து எல்லாருக்கும் முன்னால உங்கட அப்பாவ இழுத்துக் கதைச்சது என்ட பிழை. ஆனா நாளைக்கும் கொப்பி கொண்டுவரல்ல எண்டா ஏசுவன்."

நான் அதைத் திருத்தப் போகவில்லை.