வரைபடம் போடும் முன்பே பங்கு மக்களைக் கேளுங்கள்

பழைய கோவிலை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்ப்பதா, பக்கத்தில் மண்டபம் எழுப்புவதா? கடலூர், புதுச்சேரிக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள சபைகளில்) இந்தப் பேச்சு ஓயாது. பல இடங்களில் பொறியாளர் வரைபடம் போட்டு, கொட்டேஷனும் வாங்கிய பிறகுதான் ஞாயிறு பூசை முடிவில் "கருத்துச் சொல்லுங்கள்" என்று அறிவிக்கிறார்கள். அதற்குள் மக்கள் கேட்பதற்கு மிஞ்சியிருப்பது தலைக்கட்டுக்கு எவ்வளவு என்பது மட்டும்தான்.

முதல் கூட்டத்திலேயே அதிகார எல்லையை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பங்குத்தந்தையோடு மக்கள் பிரதிநிதிகள் கூடும் பங்குப் பேரவைக்கு இருப்பது ஆலோசனைக் குரல்தான் (1983 திருச்சபைச் சட்டம் 536). நிதிக்குழு கட்டாயம் (537). புதிய கோவில் கட்ட ஆயரின் (பிஷப்பின்) எழுத்துப்பூர்வ இசைவு வேண்டும் (1215). அதே தொகுப்பின் 212ஆம் சட்டம், கருத்தை மேய்ப்பர்களிடம் (ஆயர், குருக்களிடம்) தெரிவிப்பது மக்களின் உரிமை, சில வேளை கடமையும்கூட என்கிறது. இதைச் சொல்லாமல் கூட்டினால், "நாங்கள் சொன்னதை ஏன் செய்யவில்லை" என்ற மனக்கசப்பில்தான் முடியும்.

கோவிலுக்குள் எல்லாரையும் உட்காரவைத்து மைக் கொடுத்தால் வழக்கமாகப் பேசுகிற ஐந்தாறு பேர்தான் பேசுவார்கள். அன்பியங்களில் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களில்) தொடங்குங்கள், ஆனால் அங்கேயே முடித்துவிடாதீர்கள். அன்பியங்கள் தெருவாரியாக அமைந்தவை, நம் ஊர்த் தெருக்களோ பெரும்பாலும் சாதிவாரியானவை. அதனால் அன்பியவாரியாக மட்டும் கேட்டால் பழைய பிரிவினையே அறிக்கையாகத் திரும்பி வரும். இரண்டாம் சுற்றில் தெருக்களைக் கலந்து, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக உட்காரவையுங்கள். தேர் எந்தத் தெரு வரை போகிறது, கல்லறையில் யாருக்கு எங்கே இடம் என்ற கேள்விகளும் நிகழ்ச்சி நிரலில் இருக்க வேண்டும். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. பங்கு அளவில் அதைச் செயல்படுத்த இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு இல்லை.

உரோமையில் 2023, 2024 ஆயர் மாமன்றத்தின் (சினட் எனும் உலகளாவிய ஆலோசனைக் கூட்டத்தின்) வட்ட மேசைகளில் கையாண்ட முறையே போதும். முதலில் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. பிறகு அமைதி. அடுத்து, மற்றவர் சொன்னதில் மனதைத் தொட்டது எது என்பதைச் சொல்ல வேண்டும். மீண்டும் அமைதி. மூன்றாவதாக, ஒத்துப்போவதையும் போகாததையும் எழுத வேண்டும். நடத்துபவர் அவசரப்பட்டு அமைதியைச் சுருக்கினால் முறையே குலைந்துவிடும். கூச்சப்படும் பாட்டிக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் தைரியம் வருவது அந்த அமைதியில்தான்.

"என்ன வேண்டும்?" என்று கேட்டால் ஏசி, கெபி (மாதா குகை), மண்டபம் என்று பட்டியல் வரும். "எந்த நேரத்தில் கோவிலுக்கு வர முடிவதில்லை, ஏன்?", "மழை பெய்தால் எந்தப் பக்கம் உட்கார முடிவதில்லை?", "பத்து ஆண்டு கழித்து உங்கள் வீட்டில் யார் இந்த ஊரில் இருப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில்கள் வேறு மாதிரி வரும்.

தேதியும் முக்கியம். கடலோரப் பங்குகளில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருக்கும் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நல்ல வாய்ப்பு. நெய்வேலியிலும் சிப்காட் பக்கத்திலும் ஷிப்ட் வேலை இருப்பதால் ஒரே கூட்டத்தை இரண்டு வேளைகளில் நடத்த வேண்டும்.

கட்டடத்தைப் பற்றிப் பேசும் முன் பொறியாளரோடு பத்துப் பேர் கோவிலைச் சுற்றி வரட்டும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், பொடி உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு மேலே ஏறி, சில ஆண்டுகளில் பூச்சு பாளமாகப் பெயரும். இதைக் கண்ணால் கண்டவர்கள் "சுவர் செத்துப்போச்சு, இடிச்சிடலாம்" என்று எளிதில் சொல்ல மாட்டார்கள். 2011 தானே புயலைத் தாங்கி நின்ற சுவர் என்றால் இடிக்கும் முன் இரண்டாவது பொறியாளரின் கருத்தையும் கேட்க வேண்டும்.

பணத்தில்தான் நம்பிக்கை உடைகிறது. கெபிக்கென்று கொடுத்த காணிக்கையைக் கூரைக்குத் திருப்பக் கூடாது. சட்டம் 1267 அதைத் தெளிவாகவே சொல்கிறது. புதுச்சேரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நம் உறவுகள் தரும் நன்கொடை, அவர்கள் இங்கே பிறந்தவர்களாக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். எப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. திருவிழாவுக்கு வந்தவர் கையில் கொடுக்கும் யூரோவுக்கும் இதே சட்டம்தான்.

ஒரு மாதத்துக்குள் அறிவிப்புப் பலகையில் பதில் வர வேண்டும்: ஏற்றது, தள்ளிவைத்தது, முடியாதது, ஒவ்வொன்றுக்கும் காரணம். கூட்டக் குறிப்பில் பேரவை உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உயர்மறைமாவட்ட (பேராயர்) அலுவலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பங்குத்தந்தைக்கு மாறுதல் வந்தால், புதிதாக வருபவர் பொறுப்பேற்கும்போது சாவிக்கொத்தோடு அந்தக் கோப்பும் அவர் கைக்குப் போக வேண்டும்.