பருவுக்கு ரெட்டினாய்டு: முதல் மாதத்தைத் தாண்டுங்கள்

எனக்குத் தெரிந்து பருவுக்கு ரெட்டினாய்டு என்ற வகை மருந்தைத் தடவத் தொடங்கிய பெண்கள் பலர் மூன்றாவது, நான்காவது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். முகம் முன்பைவிட மோசமாகத் தெரிவது அப்போதுதான். மருந்து சேரவில்லை என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் கடந்து வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிப் புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரிக் காலத்தில் வந்த பரு வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. நெற்றி முழுக்கக் குருணை குருணையாக, தாடையோரம் சீழ் வைத்தவை. ஒன்று வற்றினால் அந்த இடத்தில் கருந்தடம் விழும். மாநிறத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும். பருவைவிட என்னை வாட்டியது அதுதான். புடவை வாங்க வருகிறவர்கள்கூட, “உடம்புச் சூடும்மா, எண்ணெய் தேய்த்துக் குளி” என்பார்கள். பெரியம்மா ஜாதிக்காய் உரசிப் போடச் சொன்னார். எல்லாரும் அக்கறையில்தான் சொன்னார்கள். பருதான் நின்றபாடில்லை.

அண்ணா நகரில் நான் பார்த்த தோல் மருத்துவர் முதலில் கேட்டது, “கல்யாணம் ஆகிவிட்டதாம்மா? குழந்தைக்கு முயற்சி ஏதும் இருக்கிறதா?” என்று. காரணத்தையும் அவரே சொன்னார். ரெட்டினாய்டுகள் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்து மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். மேலே தடவும் மருந்து உடம்புக்குள் போவது மிகக் குறைவு என்றாலும் கர்ப்ப காலத்தில் அதையும் தவிர்ப்பதே முறை. இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு பெண்ணுக்கு இந்த மருந்தை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எனக்கு எழுதித் தந்தது இரவில் அடாபலீன் என்ற ரெட்டினாய்டின் 0.1 சதவீத ஜெல், காலையில் பருக் கிருமியைக் கொல்லும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. இதே குடும்பத்து ட்ரெட்டினாயினைப் பருவுக்குத் தடவிப் பார்த்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் கட்டுரை எழுதியது 1969-இல். அடாபலீன் அதற்குப் பின் வந்தது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் கெடாது, பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் வீரியம் போகாது என்பதால் அடாபலீனைத் தேர்ந்தெடுத்ததாக என் டாக்டர் சொன்னார்.

அவர் தந்த இன்னொரு விளக்கம்தான் என்னை நிறுத்தவிடாமல் பிடித்து வைத்தது. மயிர்க்கால் துளைக்குள் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் எண்ணெய்ப் பசையோடு ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. கண்ணுக்கே தெரியாமல் தொடங்கும் அந்த அடைப்பு பருவாகத் தலைகாட்டப் பல வாரங்கள் ஆகும். ரெட்டினாய்டு செல்களை ஒட்டவிடாமல் உதிரச் செய்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. ஆக, இன்று இரவு தடவுவது அடுத்த மாதம் வரவிருந்த பருவுக்கு. “12 வாரம் முடியட்டும்மா, அதுவரை கண்ணாடியைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே” என்றார்.

தடவும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலருக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. முகத்தை மென்மையான சோப்பால் கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும்வரை இருக்க வேண்டும். ஈரத்தோடு தடவினால் எரிச்சல் கூடும். முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு ஜெல் போதும். நெற்றியில், இரு கன்னங்களில், மூக்கில், தாடையில் பொட்டுப் பொட்டாக வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் ஆகியவற்றைத் தொடக்கூடாது. பருவின் மேல் மட்டும் வைப்பது பயன் தராது. அடைப்பு எங்கே தொடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியாதல்லவா? அதன் மேல் மாய்ஸ்சரைசர். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் பழகிய பின் தினமும்.

இவ்வளவு கவனமாக இருந்தும் இரண்டாவது வாரத்திலிருந்து தாடையில் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்தது. காரக்குழம்பு உதட்டோரம் பட்டால் கண்ணில் நீர் வந்துவிடும். பஸ்ஸில் வியர்வை வழிந்தால் கன்னம் காந்தும். நெற்றியில் புதிதாகச் சில பருக்களும் கிளம்பின. அம்மா பயந்துபோய், “போதும் தாயி, நிறுத்திவிடு” என்றார். டாக்டரிடம் பேசினேன். எரிச்சல் தணியும்வரை இரண்டு நாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார், மாய்ஸ்சரைசரை ஜெல்லுக்கு முன்னும் பின்னும் தடவச் சொன்னார். மாதம் முடிந்து சில நாட்களில் உரிவது நின்றது.

பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்க வைக்கும். டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால் எனக்கென்று வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் ஒதுக்கிவிட்டோம். சாயத்தை நம்பிப் பிழைக்கும் கடையில் வேலை பார்ப்பவளுக்கு இது சின்ன விஷயமல்ல. காலையில் தடவியபின் கையை நன்றாகக் கழுவாமல் ஒரு புடவையையும் தொட்டதில்லை. சன்ஸ்கிரீனும் குடையும் மருந்தோடு மருந்தாகச் சேர்ந்துகொண்டன. ரெட்டினாய்டு போட்ட தோலை வெயில் எளிதில் பொசுக்கும், கருந்தடத்தையும் இன்னும் கருக்க வைக்கும். கத்திரி வெயிலில் மாசி வீதிகளில் நடந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். உசிலம்பட்டியில் இருக்கும் சித்தி மகளுக்கு ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஒரு க்ரீம் கொடுத்தார்கள். சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு கன்னம் சிவந்து, மெல்லிய முடி முளைத்து, பரு முன்னைவிட அதிகமாக வந்தது. அந்தக் க்ரீமில் ட்ரெட்டினாயினோடு, தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தன. கெடுத்தது ஸ்டீராய்டு, பழி ட்ரெட்டினாயினுக்கு. ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-லேயே ஆணையிட்டிருக்கிறது. ஒரு பெண்ணின் முகத்தை இப்படி விளையாட்டாக எடுத்துக்கொள்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் க்ரீமைத் திடீரென விட்டாலும் முகம் சிவந்து எரியும் என்பதால் தங்கையை மருத்துவரிடம் காட்டித்தான் படிப்படியாக நிறுத்தினோம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது மாதக் கடைசியில் நெற்றிக் குருணைகள் அடங்கின. மூன்று மாதம் முடிந்தபோது தாடையில் புதிதாகச் சீழ்ப்பரு வருவது அரிதாகிவிட்டது. கருந்தடங்கள் மங்க இன்னும் சில மாதங்கள் எடுத்தன. கன்னத்திலிருக்கும் இரண்டு குழித்தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு வேறு சிகிச்சை வேண்டும், இந்த ஜெல்லிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. பென்சாயில் பெராக்சைடை நிறுத்தியாயிற்று. மறுபடி அடைப்பு சேராமலிருக்க அடாபலீன் மட்டும் தொடர்கிறது.

தை மாதம் எனக்குக் கல்யாணம். குழந்தைக்கு முயற்சி தொடங்கும் முன்பே அடாபலீனை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கர்ப்ப காலத்திலும் தடவக்கூடிய அசிலாயிக் அமில க்ரீமுக்கு அப்போது மாற்றித் தருவாராம்.