வேலை விடும் நேரமும் விலைக்கழிவும்

நுவரெலியா ஹோட்டல்களில் ரிசெப்ஷன் வேலைக்கு வரும் பிள்ளைகளில் பலர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் அவர்களிடம் நன்றாகவே இருக்கிறது. தடுக்குவது 'நாக் ஆஃப்' (knock off) மாதிரியான பேச்சு வழக்கில்தான். 'நாக்' என்றால் தட்டுவது, 'ஆஃப்' என்றால் அணைப்பது என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

பிரிட்டன், அவுஸ்திரேலியா பயணிகளின் வாயில் இது அடிக்கடி வரும். "வென் டூ யூ நாக் ஆஃப்?" என்றால், உங்களுக்கு எத்தனை மணிக்கு வேலை விடும் என்று கேட்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, தன்னை வேலையை விட்டுப் போகச் சொல்கிறார்களோ என்று பயந்துவிட்டாள். தோட்டத்துப் பேச்சிலேயே விளக்கினேன். "வேலை விட்டாச்சு" என்றால் மலையிலிருந்து இறங்கி லயத்து வீட்டுக்குப் போகலாம். "வேலையை விட்டாச்சு" என்றால் மறுநாள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கே வரப்போவதில்லை. நாக் ஆஃப் முதலாவது. சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

ஏப்ரல் சீசனில் அறை வாடகை ஏறியதும் இன்னொரு பொருள் வந்துவிடும். "கேன் யூ நாக் சம்திங் ஆஃப்?" கொஞ்சம் குறைத்துத் தர முடியுமா? குறைக்கும் தொகை 'நாக்'குக்கும் 'ஆஃப்'புக்கும் நடுவில் உட்காரும். கடைகளில் எழுதியிருக்கும் விலைக்கழிவுதான் இது. "நாக் இட் ஆஃப்" என்று அதட்டினால், நிறுத்து என்று அர்த்தம். போலிச் சாமானுக்கும் 'நாக் ஆஃப்' என்ற பெயர் உண்டு. திருடுவது, கொல்வது என்ற பொருள்களும் இருக்கின்றன. ரிசெப்ஷனில் அவை தேவைப்படாது.

கழிவு என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோவை வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதற்கும் இந்தச் சொல் பொருந்துமா என்று ஒரு தம்பி கேட்டான். பேச்சில் தாராளமாகப் பொருந்தும். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான்: அம்மாவின் கொழுந்தில் வெட்டும் கிலோவுக்குக் கணக்குக் கேட்டு, தோட்ட நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதப்போகிறானாம். நியாயமான கேள்வி அது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் நாக் ஆஃப் பேச்சுக்கான சொல். கடிதத்தில் வந்தால் விளையாட்டுத்தனமாகத் தெரியும். 'டிடக்ட்' என்று எழுது, எந்தத் தேதியில் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் போடு என்றேன்.