காட்டுப்பன்றி நினைவும் வெள்ளவத்தை பிளாட்டும்

நேற்று கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் ஒரு கிலோ பன்றி இறைச்சி சமைத்தேன். பண்ணைப் பன்றிதான். வன்னியிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பன்றியா தம்பி?" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான். சின்ன வயதில், வயலைக் கிண்டிய காட்டுப்பன்றியைக் காவலுக்குப் போனவர்கள் சுட்டால், விடியும் முன்பே எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். தோல் உரிப்பதில்லை. காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டிக் கழுவுவார்கள். அந்தக் கருகல் மணம் மத்தியானம் வரை போகாது. குடலைக் கிழிக்காமல் எடுப்பதுதான் வித்தை. சித்தப்பாவைத் தவிர வேறு யாரையும் தொட விடமாட்டார்கள். அப்புறம் பங்கு. சுட்டவருக்கு ஒரு தொடை கூட.

காட்டுப்பன்றிக்குக் கொழுப்புக் குறைவு, சதை நல்ல சிவப்பு, நார் முரடு. மிளகும் புளிப்புக்குக் கொறுக்காயும் போட்டு விறகில் 2 மணித்தியாலமாவது வேகவேண்டும். புழுக்கள் இருக்கக்கூடும், அரைவேக்காடு கூடவே கூடாது.

பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாஸை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியை, கடித்து யானைக்குட்டிகள் வாய் சிதறிச் சாவதைச் செய்திகளில் பார்த்த பிறகு எனக்கு அந்த ஆசை பாதி போய்விட்டது. சித்தப்பாவுக்குப் போகவில்லை.

ஆனால் நேற்று சட்டியை வழித்துச் சாப்பிட்டதும் அவர்தான்.